கேளுங்கள், சொல்கிறோம்: தண்ணீர்க் கணக்கு, பெட்டகச் சாவி

கேள்வி: 1187-ல் ஹத்தீன் போரில் சிலுவைப் படை தண்ணீர் இல்லாமல் தோற்றது என்கிறார்களே, அவ்வளவு பெரிய படை தண்ணீர் எடுத்துப் போகாமலா இருந்திருக்கும்? (தேவகோட்டை வாசகர்)

பதில்: எடுத்துத்தான் போனார்கள், பற்றவில்லை. ஆட்கள் சுமார் 20,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலே ஒரு லட்சம் லிட்டர். வெயிலில் நடக்கும் குதிரைக்கு 30, 40 லிட்டர் வேண்டும். நைட் எனப்படும் குதிரைவீரர்களே சுமார் 1,200 பேர். இவ்வளவையும் தோல்பையில் கட்டித் தூக்க முடியுமா? உங்கள் பக்கம் குடிக்கிற ஊருணியைச் சுற்றி ஊர் இருப்பதுபோல, அங்கே படையும் ஊற்றுக்கு ஊற்றுதான் நகர முடியும்.

சிலுவைப் படை திரண்டிருந்த சஃபூரியாவில் வற்றாத ஊற்று இருந்தது. அங்கேயே கிடந்திருந்தால் எதிரியான முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீன் ஒன்றும் செய்திருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஏரிக்கரை ஊரான திபேரியாவை முற்றுகையிட்டுத் தூண்டில் போட்டார். கோட்டைக்குள் மாட்டிக்கொண்டது சிலுவைப் படையிலிருந்த திரிப்போலி கோமான் ரேமண்டின் மனைவி. அந்த ரேமண்டே ‘போக வேண்டாம்’ என்று சொல்லியும், எருசலேம் அரசர் கீ இரவோடு இரவாக, டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகள் சபையின் தலைவர் ஜெரார்ட் பேச்சுக்கு மசிந்துவிட்டார். ஜூலை 3 காலையில் கிளம்பினார்கள். வழியில் துரான் என்ற இடத்தில் சின்ன ஊற்று. படை அதைத் தாண்டியதும் சலாஹுத்தீனின் ஆட்கள் பின்னால் வந்து அதை மறித்துக்கொண்டார்கள். இனி திரும்பவும் வழியில்லை. பின்னணிப் படை ஓயாத அம்பு மழையில் திணற, தண்ணீரில்லாத மேட்டிலேயே இரவு தங்க வேண்டியதாயிற்று. எதிர்ப்பக்கம் ஒட்டகங்கள் ஏரியிலிருந்து தோல்பைகளில் தண்ணீர் கொண்டுவந்தபடி இருந்தன. மறுநாள் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். புகையும் தாகமும் சேர, காலாட்படை அணியைக் கலைத்துக் குன்றின்மேல் ஏறிவிட்டது. காவல் இல்லாத குதிரைகள் அம்புக்கு இரையாயின.

இந்தப் படையைத் திரட்டத்தான் கோட்டைக் காவலையெல்லாம் வழித்து எடுத்திருந்தார்கள். அக்டோபர் 2-ல் எருசலேம் சரணடைந்ததில் ஆச்சரியமில்லை.

கேள்வி: டெம்ப்ளர்களும் நகரத்தார் உண்டியல் மாதிரி பணம் மாற்றினார்களாமே? (காரைக்குடி வாசகர்)

பதில்: பாதி சரி. ஓர் ஊரில் கட்டிய பணத்தை இன்னோர் ஊரில் வாங்கலாம் என்பதுவரை ஒற்றுமை. ஆனால் நகரத்தார் உண்டியல் என்பது இன்ன தேதியில் பணம் தருவதாக எழுதிய சீட்டு; அதைக் கைமாற்றலாம், தவணைக்கு முன்பே தள்ளுபடி கழித்துக் காசாக்கலாம். டெம்ப்ளர்களிடம் அப்படி ஒரு சந்தை இல்லை. தவிர அவர்கள் துறவிகள், வட்டிக்குத் திருச்சபை தடை வேறு.

ஆனால் அடுத்தவர் முதலைக் காப்பதில் கறார். 1250-ல் எகிப்தில் பிடிபட்ட பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயிக்கு மீட்புப் பணத்தில் 30,000 லீவர் (பிரெஞ்சுப் பணம்) குறைந்தது. அரசரின் தோழர் ஜுவான்வீல் டெம்ப்ளர் கப்பலுக்கே போய்க் கேட்டார். பணம் போட்டவருக்கு மட்டுமே கொடுப்போம் என்று சத்தியம் செய்திருப்பதாகப் பொறுப்பாளர் கைவிரித்தார். அதே சபையின் படைத்தளபதியோ, ‘நாங்கள் தரக் கூடாது, நீங்களாக எடுத்தால் வேறு விஷயம்’ என்று வழி காட்டினார். ஜுவான்வீல் கோடரியைக் கையில் எடுத்துப் பெட்டகத்தை உடைக்கப் போனார். உடனே சாவி வந்தது.