இரண்டு மாத்திரை வெட்டித் தருபவர் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கணவரின் வேலைக்காக மதுரையிலிருந்து கோலாலம்பூர் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ரயில், சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் பழகிவிட்டன. மருந்துக்கடைக்குள் நுழைந்தால் மட்டும் இன்னும் வெளியூர்க்காரி ஆகிவிடுகிறேன். எங்கள் தெரு மெடிக்கல் அண்ணனுக்கு மாமியாரின் சுகர் மாத்திரை முதற்கொண்டு எல்லாம் தெரியும். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை வெட்டித் தருவார். இங்கே ஷாம்புவும் வைட்டமினும் அடுக்கிய வெளிச்சமான கடையில் யாரிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. போன மாதம் மகனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. அப்படியே நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் அழுதுகொண்டே திரும்பினேன்.

சனிக்கிழமைகளில் மண்பாண்ட வகுப்புக்குப் போகிறேன். அங்கே இந்தத் தவிப்பு இல்லை. ஆனால் என் கிண்ணங்களின் அடியில் பாம்பு போல நெளிந்த விரிசல் விழுந்துகொண்டே இருக்கிறது. 43 வயதில் இதற்குச் செலவழிப்பது சரியா என்றும் தோன்றுகிறது. நீங்களும் மண் வேலை செய்கிறவர் என்பதால் எழுதுகிறேன்.

எஸ்.
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள எஸ்,

மகனுக்குத் தடிப்பு இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அழுதுகொண்டே திரும்பிய அந்த நடை எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு நாடும் தன் மருந்துக்கடைக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் இருப்பதை ஒருவர் எடுத்துத் தர வேண்டும். அந்த ஊரிலேயே வளர்ந்தவர்களுக்குக் கோடு எங்கே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்கள்தான் தடுமாறுகிறோம்.

மகளைப் பார்க்க மியூனிக் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தலை வெடித்துவிடும் போல வலி. நம் மலேசியாவில் தாமான் (குடியிருப்பு) மளிகைக்கடையில்கூட மேகி பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பனடோல் என்ற பாரசிட்டமால் மாத்திரை இருக்கும். அங்கே பாரசிட்டமாலைப் பேரங்காடியில் விற்கவே மாட்டார்கள். சிவப்பு 'ஏ' எழுத்து போட்ட மருந்துக்கடையில்தான் கிடைக்கும். ஞாயிறன்று அதுவும் மூடல், முறை வைத்து ஒன்றிரண்டு கடை மட்டும் விழித்திருக்கும். தேடிப் போய் மணியை அடித்தால், கதவில் இருந்த சின்ன ஜன்னல் திறந்தது. வேளை கெட்ட வேளையில் வந்ததற்கு இரண்டரை யூரோ தனிக் கட்டணம். பத்து மாத்திரைக்கு அவ்வளவு கேள்வி கேட்டார் அந்தப் பெண்மணி: வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், ஈரலில் ஏதாவது பிரச்சினை உண்டா, எப்போதிருந்து வலி. முதலில் எரிச்சலாக வந்தது. திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது, அன்று முழுக்க என் உடம்பைப் பற்றி என்னிடம் விசாரித்தவர் அவர் ஒருவர்தான்.

பிரிட்டனில் பாரசிட்டமாலைக் கடையில் எடுக்கலாம், ஆனால் 1998 முதல் சாதாரணக் கடையில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரைதான், மருந்துக்கடை என்றால் 32. அளவுக்கு மீறி விழுங்கி உயிர் விடுகிறவர்களைத் தடுக்கப் போட்ட கோடு அது. ஜப்பானில் தோயாமா ஊர் மருந்து வியாபாரிகள் வீட்டிலேயே ஒரு மருந்துப் பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த முறை வரும்போது எடுத்த மருந்துக்கு மட்டும் காசு. எத்தனை நம்பிக்கை இருந்தால் இது நடக்கும்!

சரி, நம் கோலாலம்பூருக்கு வருகிறேன். இங்கே தனியார் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்தால் மருந்தையும் அங்கேயே சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், கவனித்திருப்பீர்கள். காய்ச்சல்காரர்கள் அங்கேயே மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் மருந்துக்கடை வைட்டமினையும் ஷாம்புவையும் நம்பி நிற்கிறது, அதனால்தான் உங்களுக்கு அது மருந்துக்கடை போலவே தெரியவில்லை. ஆனால் உள்ளே, கடைசியில், ஒரு மேசைக்குப் பின்னால் மருந்தாளுநர் இருக்கிறார். 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி சில மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமலே, உங்கள் பெயரைக் குறித்துக்கொண்டு, தன் பொறுப்பில் அவர் தரலாம். ஆன்டிபயாட்டிக் கேட்டால் தர மாட்டார், அதற்குச் சீட்டு வேண்டும். கிளினிக்கிலும் கேட்டால் மருந்துச் சீட்டை எழுதித் தருவார்கள், வெளியே வாங்கிக்கொள்ளலாம். 2025 மே முதல் இரண்டு இடத்திலும் மருந்தின் விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. தயங்காமல் விலையைப் பாருங்கள்.

உங்கள் தெரு அண்ணனைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வெட்டித் தந்த இரண்டு மாத்திரையில் காலாவதித் தேதி இருக்காது, அது அட்டையின் ஏதோ ஒரு ஓரத்தில் இருக்கும். ஆன்டிபயாட்டிக்கையும் அதே கத்தரிக்கோலால் வெட்டித் தருகிற கடைகளைத் தமிழ்நாட்டில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது நல்லதல்ல. ஆனால் "சாப்பிட்டாச்சா?" என்ற அந்தக் கேள்விக்கு ஈடாக எதுவும் இல்லை. நீங்கள் ஏங்குவது அந்தக் கேள்விக்குத்தான். இங்கே அதை முதலில் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் அந்த மேசை வரை நடந்து போய்ப் பேச்சைத் தொடங்க வேண்டும். என் அம்மா அப்படித்தான் செய்தார். பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட் நாட்டு மருந்துக்கடையில் வசம்பும் ஓமமும் வாங்கிக்கொண்டு, அதில் கேட்காத இருமலுக்குச் சின்சே, அதாவது சீன வைத்தியர், கடைக்குப் போவார். அம்மாவுக்குச் சீனம் தெரியாது, அந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. உடைந்த மலாய்தான். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, மர இழுப்பறைகளைத் திறந்து, கைத்தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டுவார். வருடக்கணக்கில் அந்த உறவு நீடித்தது. அப்புறம், மதுரையில் நீங்கள் நெற்றியில் தேய்த்த கோடாலித் தைலம் 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. இந்தப் பக்கத்து மருந்து உங்கள் வீட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது.

மண் வகுப்பில் தவிப்பு இல்லை என்கிறீர்கள். அங்கே தெரியாது என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே போகிறோம், கை நிறையச் சேற்றோடு பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறோம். அதே வாயால் மருந்தாளுநரிடமும் கேளுங்கள்.

தடிப்புக்குப் பூசுகிற ரோஸ் நிறக் கலமைன் லோஷன் புட்டியை ஒரு தடவை கையில் எடுத்துப் படியுங்கள். துத்தநாக ஆக்சைடு, நிறத்துக்குக் கொஞ்சம் இரும்பு ஆக்சைடு. பல தயாரிப்புகளில் பென்டனைட் என்ற களிமண்ணும் இருக்கும், பொடி அடியில் தங்காமல் இருக்க. இந்த மூன்றும் உங்கள் வகுப்பின் கிளேஸ் (பாண்டத்துக்கு மேலே பூசுகிற பளபளப்புப் பூச்சு) அலமாரியிலும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். பென்டனைட் அங்கே செய்கிற வேலையும் அதேதான். பீங்கான் செய்கிற கயோலின் வெள்ளைமண்ணை வயிற்றுப்போக்குக்கு மருந்தாகக் கொடுத்த காலமும் உண்டு. நம் சித்த வைத்தியத்தில் மருந்தை உள்ளே வைத்து இரண்டு அகலை வாயோடு வாய் வைத்து மூடி, மண் தோய்த்த துணியைச் சுற்றி, வரட்டி அடுக்கி எரித்துப் புடம் போடுவார்கள். அந்தக் கட்டுக்குச் சீலைமண் என்று பெயர். எனக்கு இதெல்லாம் தெரிய வந்தபோது இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

செலவைப் பற்றிய குற்ற உணர்வை விட்டுவிடுங்கள். நான் தொடங்கியது 51 வயதில்.

இனி விரிசல். சக்கரத்தில் கிண்ணத்தின் சுவரை இழுத்து ஏற்றும்போது மண் அழுத்தப்படுகிறது, அடியில் இருக்கும் மண் சும்மா கிடக்கிறது. போதாததற்கு உள்ளே தண்ணீரும் தேங்குகிறது. வாய் சீக்கிரம் காய்ந்து சுருங்க, அடி பின்னால் சுருங்க, நடுவில் கிழிகிறது. மண் உருண்டையின் நடுவில் குழியைத் திறந்ததும், அடியை விரலால் ஓரத்திலிருந்து நடுவுக்கு நாலைந்து தரம் அழுத்தித் தேயுங்கள். முடிக்கும்போது பஞ்சால் தண்ணீரை ஒற்றி எடுங்கள். ஏசியும் மின்விசிறியும் ஓடுகிற அறையில் வாய் ஓரத்தைப் பிளாஸ்டிக்கால் மூடி வையுங்கள். வாய் கெட்டிப்பட்டதும் கவிழ்த்துவிடுங்கள், அடிக்குக் காற்று படட்டும். தமிழ்நாட்டு வேளார்கள், அதாவது குயவர்கள், பெரிய பானையை அடியில்லாமலே சக்கரத்தில் வனைந்து இறக்கி, உள்ளே கல்லும் வெளியே பலகையுமாகத் தட்டித் தட்டியே அடியை மூடுவார்கள். தட்டத் தட்ட மண் இறுகுகிறது. கோலசிலாங்கூர் பக்கம் இன்றும் பானை வனைகிற தமிழர்கள் இருக்கிறார்கள். பொங்கலுக்கு முந்திய வாரங்களில் மகனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

என் முதல் கிண்ணம் சூளைக்குள் வெடித்துப் பக்கத்தில் இருந்த இருவரின் சாமான்களையும் உடைத்துவிட்டது. உள்ளே ஈரம் இருந்திருக்கிறது, அது ஆவியாகிப் பிளந்துவிட்டது. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று ஒரு பாட்டி சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். சூளைக்குக் கொடுக்கும் முன் கிண்ணத்தின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. இன்னொரு வாரம் காத்திருங்கள்.

அன்புடன்,
அக்கா