கொடுமுடிக் குரல்: கே.பி. சுந்தராம்பாள் பற்றி நீங்கள் கேட்டவை

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது நாடக மேடையிலும் சினிமாவிலும் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாள் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்குத் திருகோணமலைப் பக்கத்திலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மற்றக் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகட்டும், இந்தப் பக்கம் முழுக்க அவருக்கே.

எங்கள் அம்மம்மா, "சுந்தராம்பாள் எங்கட நாட்டில பாடித்தான் பெரிய ஆளானவ" என்று சொல்லுவா. அவ இந்தியாக்காரி அல்லவா? (வாசகி, உவர்மலை)

அம்மம்மா சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது. பிறந்தது 1908ல், ஈரோட்டுப் பக்கம் காவிரிக் கரையில் இருக்கிற கொடுமுடியில். பெயருக்கு முன்னால் நிற்கிற 'கே' ஊர், 'பி' அம்மா பாலாம்பாள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், வீட்டில் கடும் கஷ்டம், ரயிலில் பாடிக் காசு வாங்கிய பிள்ளை அவர். அந்தக் குரலைக் கேட்டு நாடகத்துக்குள் கொண்டுவந்தவர் எஃப்.ஜி. நடேச ஐயர், ரயில்வே அதிகாரி, நாடகப் பித்துப் பிடித்த மனிதர். வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்தில் பசியில் அழும் பிள்ளையாக நின்று பாடியதுதான் தொடக்கம். பசி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமாக இருந்திருக்காது.

இலங்கைக் கதைக்கு வருகிறேன். 1914லிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், இறங்கியதும் மறுபடி ரயில் என்று ஒரே பயணமாகச் சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே போய்வர முடிந்தது. நாடகக் கம்பெனிகளுக்கு மதுரை, தஞ்சாவூர் மாதிரிக் கொழும்பும் ஒரு வழக்கமான ஊராகிவிட்டது. இங்கே நல்ல வசூல், பாட்டைக் கேட்டு உடனே சத்தம் போட்டுப் பாராட்டுகிற சனம். சுந்தராம்பாள் 1920களின் நடுவில் கொழும்பு மேடைகளில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த நேரத்தில்தான் நாடக நடிகரும் பாடகருமான செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா கப்பலேறி வந்தார். அவரும் அப்போதே பெரிய பெயர். அந்தப் பெண்ணோடு சேர்ந்து பாடினால் உன் பாட்டு எடுபடாது என்று சிலர் அவரைப் பயமுறுத்தினார்களாம். அவர் கேட்கவில்லை, இருவரும் சேர்ந்து வள்ளி திருமணம் ஆடினார்கள், கொட்டகை நிரம்பி வழிந்தது. 1927ல் திருமணம். தமிழ் நாடக மேடையின் மிகப் பெரிய சோடி சேர்ந்த இடம் நம்முடைய கொழும்பு. அதை நாங்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம், அம்மம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நான் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறேன். மைக் இல்லாத காலத்தில் ஆயிரம் பேருக்கு எப்படிக் கேட்கும்படி பாடினார்கள்? (மாணவி, கிண்ணியா)

நல்ல கேள்வி தங்கச்சி, இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

அவர்கள் ஆடியது 'ஸ்பெஷல் நாடகம்' என்கிற வகை. கதாநாயகனாக வருகிற ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக வருகிற ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், கோமாளியான பபூன் வேறொரு ஊர், எல்லோரும் அன்று மாலைதான் சந்திப்பார்கள், ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய பாடல்களும் வசனங்களும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நாடகம் ஓடும். வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்கிற கட்டம் வந்தால் அது எவ்வளவு நேரம் போகும் என்பது யாருக்கும் தெரியாது, ஒருவர் ஒரு பாட்டில் மடக்க மற்றவர் அதே ராகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேடை ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம். ஆர்மோனியக்காரரே பின்பாட்டும் பாடுவார்.

கடைசி வரிசையில் தரையில் இருக்கிறவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் விளங்க வேண்டும் என்றால் சுருதியை உயர்த்த வேண்டும். ஆண்கள்கூட அந்த உயரத்தில் பாடினார்கள், கிட்டப்பாவின் இசைத்தட்டைக் கேட்டால் தெரியும். ஆனால் உயரம் மட்டும் போதாது. உயரத்தில் போகும்போது சொல் சிதையக்கூடாது. சுந்தராம்பாளின் பாட்டில் 'ழ', 'ற', 'ண' எல்லாம் எந்த வேகத்திலும் தனித்தனியாகக் கேட்கும், அந்தப் பழக்கம் மேடையில் வந்தது. பிற்காலத்தில் ஸ்டுடியோவில் மைக் முன்னால் நின்றபோதும் அவர் குரலை அடக்கவில்லை.

இன்னொன்று, இந்த இசை நாடக மரபு யாழ்ப்பாணத்தில் வேர்விட்டு நடிகமணி வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திரன் வரை வந்தது உங்களுக்குப் பாடத்திலேயே இருக்கும். இங்கே பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். அங்கே சுந்தராம்பாள் என்ற பெண், ஆண் வேடம் கட்டினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள், ஆசிரியருக்கும் பிடிக்கும்.

கணவர் இறந்தபின் வெள்ளைச் சேலை கட்டி, பாலைக்கூடத் தொடாமல் வாழ்ந்த உத்தமி அவர். இன்றைய பெண்களுக்கு அந்தத் தியாகத்தை எடுத்துச் சொல்லுங்கள். (வாசகர், சாம்பல்தீவு)

ஐயா, அவர் மேல் நீங்கள் வைத்திருக்கிற மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்டபடி என்னால் எழுத முடியாது.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். சுந்தராம்பாளோடு சேர்ந்து வாழ்ந்த காலம் மிகக் கொஞ்சம், சண்டை வந்தது, பிரிந்தார்கள், பிறந்த குழந்தையும் தங்கவில்லை. தனியே நின்ற அந்த நாட்களில் அவர் கணவருக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றில் அன்பு இருக்கிறது, கோபமும் இருக்கிறது, நியாயம் கேட்கிற தைரியமும் இருக்கிறது, வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட ஆள் அவரில்லை. கிட்டப்பா குடியில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1933 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு 25. அந்த வயதில் வெள்ளைச் சேலை. இனி எந்த ஆணோடும் சோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. அது அவருடைய துக்கம், அவருடைய முடிவு, நாங்கள் தலைகுனிந்து கேட்கலாம். அதை எடுத்து வேறொரு பெண்ணுக்கு அளவுகோலாக நீட்ட எங்களுக்கு உரிமை இல்லை.

எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. அவரைப் பற்றி யார் கதைத்தாலும் 1933ல் கதையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் 47 வருடம் வாழ்ந்தார்! அவருடைய படங்கள் அத்தனையும், விருதுகள் அத்தனையும், சட்ட மேலவையும் அந்த 47 வருடத்தில் வந்தவை. ஆணோடு சோடியாக நடிக்கமாட்டேன் என்று ஒரு நடிகை சொன்னால் அந்தக் காலத்தில் (இந்தக் காலத்திலும்தான்) தொழில் முடிந்தது என்று அர்த்தம். அவர் அந்த நிபந்தனையை வைத்துக்கொண்டே மேடைக்குத் திரும்பினார், ஆண் வேடம் கட்டினார், பிறகு அடியாராகவும் துறவியாகவும் கிழவியாகவும் வந்து, கதாநாயகனே தேவைப்படாத ஒரு இடத்தைத் தனக்கென்று உண்டாக்கிக்கொண்டார். இளம் பெண்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஒரு படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினாராமே, கதைதானே? (வாசகர், தம்பலகாமம்)

கதை இல்லை. 1935ல் வந்த 'பக்த நந்தனார்'. மாணிக் லால் டாண்டன் இயக்கம், அசந்தாஸ் என்ற செல்வந்தரின் பணம். சினிமாவே வேண்டாம் என்று இருந்தவர், வந்தவரை அனுப்பிவிடுவதற்காகவே ஒரு லட்சம் என்று சொன்னார் என்றும், அவர் சரி என்றுவிட்டார் என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை அது. ஆண் வேடத்தில் நந்தனாராக அவர், வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

படம் அவ்வளவாக எடுபடவில்லை. விகடனில் கல்கி, படத்தில் நன்றாக நடித்தவை ஒரு மரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் என்ற பொருளில் எழுதிவிட்டார். எனக்கு அந்த விமர்சனம் பிடிக்காது. படம் எடுத்த விதம் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், மேடையில் கடைசி வரிசைக்கு நடித்துப் பழகிய ஒருவர் முதல் தடவை கேமரா முன்னால் வந்து நிற்கிறார், கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். அதற்குப் பிறகு 1940ல் 'மணிமேகலை', பிறகு நீண்ட இடைவெளி, 1953ல் ஜெமினியின் 'ஔவையார்'. அந்தப் படத்தோடு ஔவை என்றால் அவர் முகம் என்று ஆகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் ஆத்திசூடி படிக்கும்போது மனதில் வருகிற கிழவியும் அநேகமாக அவர்தான்.

அரசியலிலும் இருந்தாரா? (வாசகர், மூதூர்)

இருந்தார். சுதந்திரப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார், காந்தி பற்றிய அவருடைய இசைத்தட்டுகள் வீடு வீடாக ஒலித்தன, சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் அவரைக் கூட்டங்களுக்கு அழைத்துப்போனார்கள். 1950களில் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். சினிமாவிலிருந்து இந்தியாவில் ஒரு சட்டசபைக்குள் போன முதல் ஆள் அவர் என்பார்கள். பின்னால் வந்த நடிகர் அரசியல்வாதிகளைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

பூம்புகார் படத்தில் ஒரு பாட்டைப் பாடமாட்டேன் என்று சொன்னாராமே? (வாசகி, நிலாவெளி)

பாட்டை இல்லை, ஒரு வரியை. 1964ல் வந்த படம், வசனம் மு. கருணாநிதி, இவர் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாகப் போகிற துறவி கவுந்தி அடிகள். கோவலன் கொலையுண்ட பிறகு வருகிற பாட்டில், தண்டிக்க வேண்டிய தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கிற மாதிரி ஒரு வரி. தெய்வம் இல்லை என்று என் வாயால் பாடமாட்டேன் என்று நின்றுவிட்டார். கடைசியில் தெய்வம் இங்கே வந்துவிட்டது என்று பொருள் வரும்படி மாற்றினார்கள். நாத்திகம் பேசுகிற எழுத்தாளர், நெற்றி நிறையத் திருநீறு பூசிய பாடகி, இருவருமே அவரவர் பக்கம் உறுதியானவர்கள், இருந்தும் பாட்டு நின்றுபோகவில்லை. இதைக் கருணாநிதியே பின்னாளில் மரியாதையோடு சொல்லியிருக்கிறார்.

எந்தப் பாட்டில் தொடங்கிக் கேட்கலாம்? எனக்கு 19 வயது. (வாசகர், உப்புவெளி)

தம்பி, நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள். விடியக்காலையில் கோயில் லவுட்ஸ்பீக்கரில் 'பழம் நீயப்பா' கேட்காமல் யாரும் திருகோணமலையில் வளர முடியாது. அது 1965ல் வந்த 'திருவிளையாடல்', இசை கே.வி. மகாதேவன். அதே படத்தில் 'ஒன்றானவன் உருவில் இரண்டானவன்' பாட்டையும் கேளுங்கள், ஒன்று இரண்டு என்று எண் ஏற ஏறக் குரலில் எப்படி உற்சாகம் ஏறுகிறது என்று கவனியுங்கள். பிறகு 'கந்தன் கருணை' (1967) படத்தில் 'அரியது கேட்கின்'. பிறகு 'காரைக்கால் அம்மையார்' (1973) படத்தில் 'தகதகதக' என்று தொடங்குகிற பாட்டு. அதைப் பாடும்போது அவருக்கு 65 வயது இருக்கும். ஹெட்போனில் கேட்காதீர்கள், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பெரிய ஸ்பீக்கரில் போடுங்கள், அது அறைக்குள் அடங்குகிற குரல் அல்ல.

எனக்குக் கனத்த குரல். பெண் பிள்ளைக்கு இது சரிவராது, மெல்லிய குரலில் பாடப் பழகு என்று சங்கீதம் படிப்பிப்பவர் சொல்கிறார். மனது விட்டுப்போச்சு. (மாணவி, அன்புவழிபுரம்)

மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சுந்தராம்பாளின் குரலும் கனத்த குரல்தான், அதில் ஒரு கம்பீரம், அடிவயிற்றிலிருந்து எழுகிற ஒரு அதட்டல். லதா மங்கேஷ்கர் மாதிரி மெல்லிய குரல்தான் பெண் குரல் என்று சினிமா முடிவு செய்துவிட்ட 1960களில், அந்தக் கனத்த குரலுக்கு இந்திய அரசு சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கொடுத்தது, 1969ல் வந்த 'துணைவன்' படத்துக்காக. பெண் பாடகிகளுக்கு அந்த விருது கொடுக்கத் தொடங்கி இரண்டாவது தடவை அது, முதல் தடவை பி. சுசீலாவுக்கு. 1970ல் பத்மஸ்ரீயும் வந்தது.

உங்கள் ஆசிரியரோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவரிடம் சுருதியும் தாளமும் ஒழுங்காகப் படியுங்கள், அது எந்தக் குரலுக்கும் வேண்டும். ஆனால் தொண்டையை இறுக்கி மெல்லிசாக்கப் பார்க்காதீர்கள், அது குரலைக் கெடுக்கும். உங்களுக்கு இயல்பாக வருகிற சுருதி எதுவென்று கண்டுபிடித்து அதில் தேவாரம் பாடுங்கள், திருஞானசம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் உங்கள் ஊருக்கே உரியது. அதைத் திறந்த குரலில் பாடி, ஃபோனில் பதிந்து, அடுத்த நாள் நீங்களே கேட்டுப் பாருங்கள். இன்னொரு ஆசிரியரிடமும் ஒருமுறை பாடிக் காட்டுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

அடுத்த மாதம் திருச்சிப் பக்கம் கோயில் யாத்திரை போகிறோம். கொடுமுடிக்கும் போகலாமா? (வாசகர் குடும்பம், திருகோணமலை நகரம்)

கட்டாயம் போங்கள். திருச்சியிலிருந்து கரூர் வழியாக ஈரோடு போகிற ரயில் பாதையில் கரூரைத் தாண்டி வருகிறது கொடுமுடி, ஸ்டேஷனில் இறங்கினால் கோயில் கிட்டத்தான். மகுடேஸ்வரர் சந்நிதியும் பெருமாள் சந்நிதியும் ஒரே வளாகத்தில், பின்னால் காவிரி. 1980ல் இறக்கும்வரை சுந்தராம்பாள் அந்த ஊரை விட்டுக்கொடுக்கவில்லை, தன் பெயரில் அங்கே ஒரு தியேட்டர்கூடக் கட்டினார். எல்லா வண்டியும் அங்கே நிற்காது, அதனால் திருச்சியிலேயே கேட்டுவிட்டு ஏறுங்கள். காலையில் போனால் வெயிலுக்கு முன் ஆற்றில் குளித்துத் தரிசனம் முடித்து மாலைக்குள் திருச்சி திரும்பிவிடலாம்.