நாடித் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை: அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, இதயச் செயலிழப்பு. எக்கோவில் பம்பிங் 30 சதவீதம். மெட்டோப்ரோலால் சாப்பிட்டும் நாடி 84. பிரஷர் 100/70 என்பதால் அதைக் கூட்டாமல், ஐவாபிரடின் 5 மி.கி. காலையும் இரவும் எழுதியிருக்கிறார் டாக்டர். நாடி ஒரேயடியாக இறங்கிவிடாதா?

பதில்: டாக்டர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். மெட்டோப்ரோலாலைக் கூட்டினால் பிரஷரும் இறங்கும். ஐவாபிரடின் பிரஷரைப் பெரிதாகத் தொடாது. துடிப்பைக் கிளப்பிவிடும் சைனஸ் கணுவில்தான் அதன் வேலை.

அதனால் இசிஜி பார்க்காமல் இதை நான் தொடங்கமாட்டேன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு இருந்தால் துடிப்பு அந்தக் கணுவின் பிடியில் இல்லை. மாத்திரையால் பயனும் இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எண்ணைத்தான் காட்டும், இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. போகப்போக நாடி தாறுமாறாகத் துடித்தாலும் மறுபடி இசிஜி எடுக்க வேண்டும். இந்த மருந்தே சிலருக்கு அந்தக் கோளாறைக் கொண்டுவருவதுண்டு.

2010இல் வெளியான ஷிஃப்ட் ஆய்வில், தொந்தரவு தரும் அளவுக்கு நாடி குறைந்தது ஐவாபிரடின் எடுத்தவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 1 சதவீதம். ஓய்வில் 50 முதல் 60 வரை வந்தால் அதுதான் நாங்கள் எதிர்பார்ப்பது, பதற வேண்டாம். 50க்குக் கீழேயே நின்றாலோ, தலைசுற்றல், மயக்கம் வந்தாலோ உடனே டாக்டரிடம் பேசுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, கூடவே சாப்பிடும் மற்ற மாத்திரைகள். நெஞ்சுவலிக்கோ பிரஷருக்கோ வேறொரு டாக்டர் எப்போதோ எழுதிய டில்டியாசெம், வெராபமில் பழைய சீட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டுமே ஐவாபிரடினோடு சேரக் கூடாது. அப்புறம், சளி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் கிளாரித்ரோமைசின், படைக்கு வாங்கும் இட்ராகொனசோல்: இவை ஐவாபிரடினைக் கல்லீரல் கழிக்கவிடாமல் தடுக்கும், ரத்தத்தில் அதன் அளவு எகிறும். நீர் பிரிய மாத்திரை எடுக்கிறார் என்றால் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். அது குறைந்திருக்கும்போது நாடியும் மெதுவானால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். முதல் இரண்டு மாதங்களில், வெளிச்சம் சட்டென்று மாறும்போது கண்ணில் ஒளி மின்னுவதாக அப்பா சொல்லக்கூடும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதுவரை இரவில் வண்டிச் சாவியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.