மேலே ஐஸ் இருக்கிறது, கீழே குளிரவில்லை: கேஸ் போய்விட்டதா?

கேள்வி: இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறோம். ஃப்ரீசரில் ஐஸ் இருக்கிறது, கீழே காய்கறி அழுகுகிறது. வந்து பார்த்த மெக்கானிக் கேஸ் போய்விட்டது என்கிறார். கூலிங் காயில் என்பது உண்மையில் எப்படித்தான் வேலை செய்கிறது?

பதில்:

கேஸ் ஏற்றச் சம்மதிக்கும் முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரீசரின் பின்பக்க பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிக் காயிலைக் காட்டச் சொல்லுங்கள். கேஸ் குறைவா, வேறு கோளாறா என்பதைக் காயில்மேல் பனி படிந்திருக்கும் விதமே பெரும்பாலும் சொல்லிவிடும். ஏசி, ஃப்ரிட்ஜ் சர்வீஸ்தான் என் தொழில். தேவையில்லாமல் கேஸ் ஏற்றிப் பணம் இழந்த வீடுகளை நிறையப் பார்த்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கூலிங் காயில், அதாவது எவாப்பரேட்டருக்குள் ஒரு திரவம் கொதித்துக்கொண்டிருக்கிறது. கேஸ் என்று நாம் சொல்வது இதைத்தான். கொதிக்கச் சூடு வேண்டும். அடுப்பு இல்லாத இடத்தில் அந்தச் சூட்டைச் சுற்றியிருக்கும் காற்றிடமிருந்துதான் அது எடுத்தாக வேண்டும். காற்று குளிர்வது அதனால்தான்.

மைனஸ் 20 டிகிரியில் எப்படிக் கொதிக்கும் என்று கேட்பீர்கள். எந்தச் சூட்டில் கொதிப்பது என்பதை அழுத்தம் முடிவு செய்கிறது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேக அங்கே நேரம் பிடிக்கும். அழுத்தத்தை நம் காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால் அதே தண்ணீர் 5 டிகிரியில் கொதிக்கும். லித்தியம் புரோமைடு வைத்து ஓடும் பெரிய அப்சார்ப்ஷன் சில்லர்களில் இப்படித்தான் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கட்டடங்களைக் குளிர்விக்கிறார்கள்.

இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் இருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 11.7 டிகிரியில் கொதிக்கும். ஃப்ரீசருக்கு அது போதாது. காயில் மைனஸ் 23, 25 வரை இறங்க வேண்டும். அதற்காகக் கம்ப்ரஸர் ஒரு பக்கம் ஆவியை உறிஞ்சிக்கொண்டே இருக்க, மறுபக்கம் நூல் போன்ற கேப்பிலரிக் குழாய் திரவத்தைச் சிறுகச் சிறுக மட்டும் உள்ளே விடுகிறது. இரண்டுக்கும் நடுவே காயிலுக்குள் அழுத்தம் ஏறக்குறைய 0.6 பார்தான் இருக்கும், வெளிக்காற்றைவிடக் குறைவு (வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்). ஆகவே ஃப்ரிட்ஜ் ஓடும்போது இந்தக் காயிலில் ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியே சீறாது. வெளிக்காற்றும் ஈரமும்தான் உள்ளே போகும். அந்த ஈரம் கேப்பிலரியின் முனையில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

பனிக்கு வருவோம். ஒரு கிலோ ஐசோபியூட்டேன் கொதித்து ஆவியாக 360 கிலோஜூலுக்கும் மேல் சூட்டை இழுக்கிறது. ஆவியான பிறகு அதே ஒரு கிலோ இன்னும் 5 டிகிரி சூடேற 10 கிலோஜூல்கூட எடுக்காது. எனவே காயிலில் எதுவரை திரவம் இருக்கிறதோ அதுவரைதான் குளிர். திரவம் தீர்ந்த இடத்துக்கு அப்பால் இருப்பது வெறும் குழாய். சரியான அளவு கேஸ் உள்ள ஃப்ரிட்ஜில் காயிலின் கடைசிப் பகுதியில்தான் திரவம் தீரும். கம்ப்ரஸருக்குத் திரவமாகப் போய்ச் சேரவும் கூடாது, திரவத்தை அமுக்க முடியாமல் அதன் வால்வு உடையும். அதனால்தான் முழுவதும் ஆவியாகி, அதற்கும் மேலே சில டிகிரி சூடேறிய பிறகு வெளியேறும்படி அமைக்கிறார்கள். நாங்கள் இதை சூப்பர்ஹீட் என்போம்.

ஆகவே காயிலைப் பார்க்கும்போது கேப்பிலரி நுழையும் முனையில் மட்டும் நாலைந்து வளைவுக்குப் பனி, மீதி எல்லாம் காய்ந்து கிடக்கிறது என்றால் திரவம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம், அல்லது கேப்பிலரி அடைப்பு. காயில் மொத்தமும் வெள்ளையாக, தகடுகளே தெரியாமல் மூடிக்கிடக்கிறது என்றால் கேஸ் நன்றாகவே இருக்கிறது. பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஏற்பாடுதான் வேலை செய்யவில்லை.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இந்த இரண்டாவதுதான் என் முதல் சந்தேகம். உங்கள் ஃப்ரிட்ஜில் மேலும் கீழும் குளிர்விப்பது பெரும்பாலும் அந்த ஒரே காயில்தான். ஒரு ஃபேன் அதன் வழியாகக் காற்றை இழுத்து, பெரும்பகுதியை ஃப்ரீசருக்கும் கொஞ்சத்தைக் கீழே காய்கறிப் பக்கத்துக்கும் அனுப்புகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் நுழையும் ஈரக் காற்று காயிலில் பனியாகப் படியும். அதை உருக்கத்தான் அவ்வப்போது கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு ஒரு ஹீட்டர் ஓடுகிறது. ஹீட்டரோ சென்சாரோ தெர்மல் ஃப்யூஸோ போய்விட்டால் பனி ஏறிக்கொண்டே போகும். பனி நல்ல காப்புப் பொருள். அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் புதுப்பனி கடத்தும். அதைவிடக் கேடு, தகடுகளுக்கு நடுவே காற்று போக வழியே இல்லாமல் அடைத்துவிடுவது. காயிலை ஒட்டியிருக்கும் ஃப்ரீசர் எப்படியோ சமாளிக்கும். கீழே காற்றே வராது, கீரைதான் முதலில் போகும்.

இதைச் சோதிக்கச் செலவே இல்லாத வழி உண்டு. சாமானை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து ஒரு நாள் விடுங்கள். பிறகு போட்டால் சில நாள் அருமையாகக் குளிர்ந்து, மறுபடி பழைய கதையானால் டீஃப்ராஸ்ட் கோளாறு ஏறக்குறைய உறுதி. காயிலில் மெல்லிய பனி சீராக இருந்தும் கீழே குளிரவில்லையா? ஃபேன் சுற்றுகிறதா, கீழே காற்று விடும் டேம்பர் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இவை எதற்கும் கேஸ் ஏற்ற வேண்டியதில்லை.

ஐஸ் பிளான்ட்டில் ஏற்பாடு வேறு. மீன்பிடித் துறைமுகங்களுக்கு ஐஸ் பார் போடும் இடங்களில் உப்புநீர்த் தொட்டிக்குள் கிடக்கும் அமோனியா காயிலில் எப்போதும் திரவம் நிறைந்தே இருக்கும்படி வைப்பது வழக்கம். ஆவி மட்டும் மேலே உள்ள டிரம்மில் பிரிந்து கம்ப்ரஸருக்குப் போகும். குழாயின் முழு நீளமும் நனைந்திருப்பதால் முழு நீளமும் வேலை செய்கிறது. மைனஸ் 15 டிகிரியில்கூட அமோனியாவின் அழுத்தம் 2.3 பாருக்கு மேல், அதனால் அங்கே கசிவு வெளியேதான் வரும், மூக்குக்கு உடனே தெரிந்துவிடும்.

ஏசி வைத்திருப்பவர்கள் குழம்பும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்டோர் காயிலில் ஐஸ் கட்டினால் “கேஸ் அதிகம், அதான் இவ்வளவு குளிர்” என்று நினைப்பார்கள். பெரும்பாலும் நேர்மாறு. கேஸ் குறைந்தால் காயிலுக்குள் அழுத்தம் குறையும், கொதிக்கும் சூடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், காற்றின் ஈரம் அங்கே உறையும். ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று குறைந்தாலும் இதே ஐஸ்தான். ஃபில்டரை முதலில் கழுவிப் பாருங்கள்.

உங்கள் ஃப்ரிட்ஜில் உண்மையிலேயே கசிவு இருந்தால், ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்ற விடாதீர்கள். அடைத்த பின் வேக்யூம் பம்ப் போட்டு ஈரத்தை முழுக்க வெளியேற்ற வேண்டும். ஆர்-600ஏ தீப்பிடிக்கும் கேஸ் என்பதால் உள்ளே கேஸ் இருக்கும்போது குழாயில் நெருப்பு வைக்கவே கூடாது. எவ்வளவு ஏற்றுவது என்பது ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராமில் இருக்கும். மொத்தமே 50 கிராம் பிடிக்கும் ஃப்ரிட்ஜில் 10 கிராம் கூடினால் ஐந்தில் ஒரு பங்கு தப்பு; எனவே எடைத் தராசு கொண்டுவராத மெக்கானிக்கிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.