தந்த மாதாவின் சாய்வு

அன்புள்ள ஐயா,

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் யானைத் தந்தத்தில் செதுக்கிய மாதா சிலை ஒன்றைப் பார்த்தேன். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி லேசாகச் சாய்ந்து நிற்கிறாள். அந்த ஒயிலில் சொக்கிப்போய் நின்றேன். கூட வந்த வழிகாட்டி, “தந்தம் வளைவாக இருக்கும், அதனால் சிலையும் வளைவு, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உண்மையிலேயே அவ்வளவுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அவ்வளவுதான் இல்லை. அவர் சொன்னது பாதி.

நீங்கள் பார்த்தது அநேகமாக சாந்த் ஷப்பெல் மாதாவாக இருக்கும். 41 செ.மீ. உயரம், 1260களைச் சேர்ந்த வேலை. இயேசுவுக்குச் சூட்டியதாக நம்பப்பட்ட முள்முடியை வைப்பதற்காக ஒன்பதாம் லூயி மன்னர் பாரிஸில் கட்டி, 1248இல் அர்ச்சிக்கப்பட்ட சாந்த் ஷப்பெல் என்ற சிற்றாலயத்தின் கருவூலத்தில் இருந்தது. தந்தத்தின் வளைவை ஒட்டித்தான் அவள் உடம்பு போகிறது, சரி. ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில் வட பிரான்சின் ஆமியான் பேராலயத்தின் தெற்கு வாசலில் ஒரு மாதாவைக் கல்லில் செதுக்கினார்கள். அவளும் இடுப்பை ஒடித்துத்தான் நிற்கிறாள். கல்லுக்கு ஏது வளைவு? பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் எந்தப் பெண்ணையும் பாருங்கள், அந்தப் பாரத்துக்கு ஈடாக உடம்பு தானாகவே ஒரு பக்கம் ஒதுங்கும். சிற்பிகள் அதைப் பார்த்திருக்கிறார்கள். கையில் கிடைத்த தந்தம் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டும் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடித்ததுதான் அந்தத் தந்தச் சிற்பியின் திறமை என்பேன்.

இன்னொன்று. தந்தத்தின் அடிப்பகுதி உள்ளே கூடாக இருக்கும். அது வட்டப் பெட்டிகளுக்கு ஆகும், பெரிய சிலைக்கு ஆகாது. கெட்டியான பகுதியில்தான் இப்படி ஒரு மாதாவை எடுக்க முடியும். மிச்சம் விழும் துண்டுகள் சீப்பாக, கத்திப்பிடியாக, ஜெபமாலை மணியாகப் போகும். 1268 வாக்கில் எத்தியென் புவாலோ என்ற நகர அதிகாரி தொகுத்த பாரிஸ் தொழில் விதிகளில் தந்த வேலைக்கென்று தனிச் சங்கமே கிடையாது. சுரூபம் செய்பவர், சீப்புக்காரர், மணி கடைபவர் என்று பல சங்கங்களில் பிரிந்திருந்தார்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் வட ஐரோப்பாவில் யானைத் தந்தம் அரிது, வால்ரஸ் என்ற கடல் விலங்கின் பல்லை வைத்துச் சமாளித்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் மத்தியதரைக் கடல் கப்பல்கள் ஜிப்ரால்டர் நீரிணை வழியாக வடக்கே ஃபிளாண்டர்ஸ், நார்மண்டி துறைகளுக்கு வரத் தொடங்கியபின் ஆப்பிரிக்கத் தந்தம் பாரிஸுக்குத் தாராளமாக வந்தது.

இன்று அவள் வெளுப்பாகத் தெரிகிறாள். அன்று அப்படி இல்லை. உற்றுப் பார்த்தீர்களோ என்னவோ, ஆடையின் ஓரத்தில் பொன்பூச்சின் மிச்சம் இருக்கிறது. இத்தகைய சிலைகளில் முடிக்குப் பொன், உதட்டுக்குச் சிவப்பு, மேலாடையின் உள்மடிப்புக்கு நீலம் என்று தீட்டுவார்கள். முகத்தையும் கையையும் பெரும்பாலும் தந்தமாகவே விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் எந்த வண்ணமும் வேண்டியதில்லை, தந்தமே தோல் மாதிரி இருக்கும்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவை இந்தப் பெரிய சிலைகள் அல்ல. உள்ளங்கைக்குள் அடங்கும் இரட்டைப் பலகைகள். இரண்டு தந்தத் தகடுகள், நடுவில் கீல், புத்தகம் மாதிரி திறந்து மூடலாம். இயேசு பட்ட பாடுகளின் கதையைச் சிறுசிறு கட்டங்களாகச் செதுக்கியிருப்பார்கள். பலவற்றில் கதை கீழ்வரிசையில் தொடங்கி மேலே ஏறும். கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படி ஒன்றை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். படைவீரர்களின் மூக்கு, தாடி, தலைக்கவசத்தின் விளிம்பு எல்லாம் நேற்றுச் செதுக்கியது போலக் கூர்மை. சிலுவையில் தொங்குபவரின் முகம் மட்டும் மழமழவென்று தேய்ந்து, கண் எது வாய் எது என்று தெரியவில்லை. தொட்டுத் தொட்டு, முத்தமிட்டு முத்தமிட்டுத் தேய்ந்த முகம். எங்கள் தெருவில் ஒரு பாட்டியின் ஜெபமாலையில் இருந்த பித்தளைச் சுரூபமும் அப்படித்தான் இருக்கும். அங்கே நின்றபோது அந்த மாலைதான் ஞாபகம் வந்தது. இவை சுவரில் மாட்டிப் பார்க்கச் செய்தவை அல்ல, கையில் பிடிக்கச் செய்தவை. தந்தம் கையின் சூட்டை வாங்கிக்கொள்ளும், பளிங்கு போலச் சில்லென்று விலக்காது. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் நமக்கு அது மட்டும் கிடைப்பதில்லை.

மாதாவுக்கு ஏன் தந்தம் என்று நீங்கள் கேட்கவில்லை, அப்புறம் கேட்பீர்கள். பைபிளின் உன்னத சங்கீதத்தில் காதலியின் கழுத்தைத் தந்தக் கோபுரம் என்று பாடுகிறது. சாலமோன் தந்தத்தால் பெரிய அரியணை செய்து பசும்பொன் தகட்டால் மூடினார். அந்தக் காதலியும் அந்த அரியணையும் மாதாதான் என்று இடைக்காலத்தில் வாசித்தார்கள். அடுத்த முறை நம் ஊர்க் கோயிலில் ஜெபமாலை முடிந்து மாதா பிரார்த்தனை சொல்லும்போது கவனியுங்கள். “தாவீது இராஜாவின் உப்பரிகையே” என்பதற்கு அடுத்து வருவது, “தந்தமயமான உப்பரிகையே”.