முன்பக்கச் சத்தம்: பட்டை புஷ்ஷா, கிங்பின்னா?

கேள்வி: என்னிடம் ஒரு பழைய டாடா 407 வண்டி இருக்கிறது. சோழவந்தானிலிருந்து மதுரைக்குத் தேங்காய் ஏற்றிச் செல்கிறோம். வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்னால் இடப்புறம் ‘டொக்’கென்று சத்தம் வருகிறது, பிரேக்கை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. பட்டறையில் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். என் ஓட்டுநரோ ஸ்பிரிங் புஷ்தான் தேய்ந்திருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி? புஷ் என்றால் நாங்களே மாற்றிவிடலாமா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஓட்டுநர் சொல்வதே பொருந்துகிறது. ஸ்பிரிங் பட்டையின் முனையிலுள்ள வளையம்தான் ‘கண்’, அதன் வழியே செல்லும் உருண்டைக் கம்பிதான் ‘பின்’, இரண்டுக்கும் நடுவே உள்ள உறைதான் புஷ். பாரம் இருக்கும்போது வண்டியின் எடை பின்னை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்வதால் தேய்மானம் வெளியே தெரியாது. பாரம் இறங்கியதும் அந்தப் பின், புஷ்ஷுக்குள் எகிறி அடிக்கும்போதுதான் அந்த ‘டொக்’ கேட்கும். ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனை பிராக்கெட்டில் நிலையாகப் பொருந்தியும் மறுமுனை ஷேக்கிள் எனும் ஊஞ்சல் போன்ற இணைப்பில் ஊசலாடியும் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன் ஆக்ஸிலை இடம் மாறாமல் பிடித்திருப்பது அந்த நிலையான முனைதான். அங்கே புஷ் தேய்ந்தால், பிரேக் பிடிக்கும்போது இடப்பக்கச் சக்கரம் சற்றே பின்வாங்கி, ஆக்ஸில் முழுவதும் இடப்புறம் திரும்பிவிடும். ஆனால் பிரேக் லைனிங் இருபுறமும் ஒரே அளவில் பிடிக்காவிட்டாலும் வண்டி இப்படித்தான் இழுக்கும் என்பதால், அதையும் பார்த்துவிடுங்கள்.

கிங்பின்னுக்குச் செலவு செய்யும் முன் ஒரு சோதனை போதும். ஜாக்கியில் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் தளர்ந்திருப்பது வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். இரண்டும் இல்லையென்றால் சக்கரத்தைத் தரையில் இறக்கி, பட்டையின் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்புங்கள். அந்தப் பின், கண்ணுக்குள் குதித்தால் புஷ்தான், சந்தேகமே வேண்டாம்.

வாங்குவதற்கு முன், உங்கள் வண்டியில் எந்த வகை புஷ் இருக்கிறது என்று பாருங்கள். பல கை மாறிய வண்டியில் முந்தைய உரிமையாளர் எதைப் போட்டிருப்பார் என்று சொல்ல முடியாது. பின்னின் தலையில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) இருந்தால் பெரும்பாலும் உலோக புஷ், இல்லாவிட்டால் ரப்பர். ஒரு பக்கத்துக்கு நிலையான முனையில் ஒன்றும் ஷேக்கிளில் இரண்டுமாக, வழக்கமாக மொத்தம் ஆறு புஷ் வரும். சத்தம் இடப்புறம் மட்டும்தானே என்று மூன்றோடு நிறுத்தாதீர்கள். தேய்ந்த பின்னைப் புதிய புஷ்ஷில் செருகுவதும் வீண் சிக்கனம்தான்.

வேலையைப் பொறுத்தவரை, வண்டியைத் தூக்குவதில் மட்டும் அலட்சியம் கூடாது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேஸிஸைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, அடுக்கிய செங்கல்லை நம்பியோ வண்டிக்கடியில் படுக்கக் கூடாது. ஆக்ஸிலுக்குக் கீழே இன்னொரு ஜாக்கியை வைத்து மெல்ல ஏற்றி இறக்கினால், பின் மேல் அழுத்தமில்லாத ஒரு நிலை வரும். அப்போதுதான் அது அசையும். துருப்பிடித்த பின்னுக்கு முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெயை விட்டு வைக்கலாம். பட்டறையில் கேஸ் வைத்துச் சூடாக்க முன்வருவார்கள். பட்டையின் கண்ணைப் பழுக்கக் காய்ச்சினால் எஃகின் பதம் கெட்டு, பின்னாளில் பட்டை அங்கேயே முறியக்கூடும் என்பதால் அனுமதிக்காதீர்கள்.

பின் கழன்று வந்ததும் அதைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிறைபோலத் தேய்ந்து, கிரீஸ் வரும் துளையில் மண்ணும் பழைய கிரீஸும் செங்கல்போல இறுகியிருந்தால், புஷ் தேய்ந்த காரணம் கையிலேயே இருக்கிறது. நிப்பிள் அடைத்துக்கொண்டபின் கிரீஸ் கன்னை எத்தனை முறை அழுத்தினாலும் அது வெளியே வழியுமே தவிர உள்ளே போவதில்லை. வாரந்தோறும் கிரீஸ் அடிக்கிறோம் என்று சொல்பவர்களின் வண்டியிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

உலோக புஷ்ஷை அடித்து ஏற்றாமல் லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். கிரீஸ் துளை உள்ள புஷ் என்றால் அந்தத் துளை கிரீஸ் வரும் வழிக்கு நேராக இருக்க வேண்டும். பிரஸ் செய்தபின் உள்விட்டம் சற்றுச் சுருங்கும் என்பதால், தேவைப்பட்டால் ரீமர் (துளையைச் சீராகக் குடையும் கருவி) விட்டு, பின்னானது கையழுத்தத்தில் ஆட்டமின்றி நுழையும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்கோ எண்ணெயும் கிரீஸும் ஆகாது. சாதாரண ரப்பர் ஊறி உப்பிவிடும் என்பதால் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள். அதைவிட முக்கியம், ரப்பர் வகையில் போல்ட்டுகளை இறுதியாக முறுக்குவது சக்கரங்கள் தரையில் இறங்கி வண்டியின் எடை பட்டையில் ஏறியபின்தான். தூக்கிய நிலையிலேயே முறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும். புதிய புஷ் சில மாதங்களில் போய்விட்டது என்று வருவோரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பிரஸ்ஸும் ரீமரும் லேத் பட்டறையில் கிடைக்கும். மற்றதை ஓட்டுநரும் நீங்களுமாகச் செய்யலாம். கழற்றியிருக்கும்போதே மெயின் பட்டையின் கண்ணருகே விரிசல் இருக்கிறதா என்று தேய்த்துப் பாருங்கள். இருந்தால் பட்டையை மாற்றாமல் பாரம் ஏற்ற வேண்டாம். முடிந்ததும் முன்சக்கரங்களின் டோ-இன் அளவை (அவற்றின் முன்விளிம்புகள் எவ்வளவு உள்நோக்கி இருக்கின்றன என்பதை) சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: என் பழைய ஜீப்புக்கு ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: போடலாம். எண்ணெயைத் தாங்கும், தேய்மானம் குறைவு. ஆனால் கடினமானது என்பதால் சாலையின் அதிர்வு இருக்கைவரை வரும். ரப்பர் முறுகி வளையும். பாலியூரித்தேனோ பெரும்பாலும் வழுக்கிச் சுழலும். ஆகவே அதனோடு வரும் சிலிக்கான் கிரீஸைத் தடவாமல் ஏற்றினால் சில வாரங்களில் கிறீச்சிடத் தொடங்கும்.