சண்டையே இல்லாமல் கப்பல் மூழ்குகிறதே, என்ன செய்வது?

கேள்வி: ஹார்ட்ஸ் ஆஃப் அயன் 4 என்ற இரண்டாம் உலகப் போர் கணினி விளையாட்டில் பிரிட்டனாக ஆடுகிறேன். ஆட்டத்தில் இப்போது 1943. பிரான்ஸில் படை இறக்கலாம் என்று ஆங்கிலக் கால்வாயில் கப்பற்படையைக் குவித்தேன். எதிரிக் கப்பல் ஒன்றுகூடத் தென்படவில்லை, ஆனால் என் கப்பல்கள் ஒவ்வொன்றாக அடிபடுகின்றன. எல்லாம் கடற்கண்ணிகளின் (கடலில் போட்டுவைக்கும் வெடிகள்) வேலை. இன்னும் பத்துப் போர்க்கப்பல் கட்டிச் சேர்த்தால் சமாளிக்கலாமா?

பதில்: கட்டாதீர்கள். கண்ணியோடு சண்டை போட முடியாது. கப்பல் கூடக்கூட அது வெடிக்கும் வாய்ப்புதான் கூடும். உங்களுக்கு வேண்டியது சில மலிவான டிஸ்ட்ராயர்களும் (சிறிய போர்க்கப்பல்கள்) கொஞ்சம் பொறுமையும்.

முதல் வேலையாகப் பெரிய கப்பல்களைக் கால்வாயிலிருந்து வெளியே எடுங்கள். ரோந்தில் விட்டால் அவை நாள் முழுக்கக் கண்ணிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்கும். 'ஸ்ட்ரைக் ஃபோர்ஸ்' என்ற பணியைக் கொடுத்துத் துறைமுகத்தில் நிறுத்துங்கள். எதிரி கண்ணில் பட்டால்தான் புறப்படும். உங்களுக்குத் தேவைப்படாத, ஆனால் கண்ணி நிறைந்த கடற்பகுதி ஏதாவது இருந்தால், வரைபடத்தில் அதைத் 'தவிர்' என்று குறித்துவிடுங்கள். சரக்குக் கப்பல்கள் சுற்றிப் போகும், போகட்டும்.

அடுத்தது துடைக்கும் கப்பல், அதாவது கண்ணிகளை அகற்றும் கப்பல். 2019-இல் வந்த 'மேன் த கன்ஸ்' விரிவாக்கத்தோடுதான் கண்ணிகளும் கப்பல் வடிவமைப்புப் பலகையும் வந்தன, அதனால் இரண்டும் உங்களிடம் இருக்கும். பழைய டிஸ்ட்ராயர் ஹல் (கப்பலின் உடல்) ஒன்றை எடுத்து, ஒரு சின்ன பீரங்கி, மட்டமான எஞ்சின், டார்பிடோவே வேண்டாம், காலி இடத்தில் மைன்ஸ்வீப்பிங் கியர் (கண்ணி துடைக்கும் கருவி) என்று பொருத்துங்கள். புதிதாகக் கட்ட மனமில்லை என்றால், பிரிட்டனிடம் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே கிடக்கும் கிழட்டு டிஸ்ட்ராயர்களை ரீஃபிட் செய்யலாம், அதாவது இதே மாதிரி மாற்றியமைக்கலாம். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்வேன். இவற்றைத் தனிக் குழுவாக்கி, துடைக்கும் பணியைக் கொடுத்து, 'சண்டையில் இறங்காதே' என்று அமைத்துவிடுங்கள். படை இறங்கப்போகும் கடற்பகுதியை மட்டும் கொடுங்கள். ஆசைப்பட்டு நாலு பகுதியைக் கொடுத்தால் நாலும் அரைகுறையாகத்தான் ஆகும்.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: துடைப்பவர்களுக்குக் காவல் போடுவதில்லை. நிஜத்தில், முதல் உலகப் போரின்போது 1915-இல், துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில் நடந்ததைப் பாருங்கள். நேச நாடுகள் கண்ணி துடைக்க அனுப்பியவை சாதாரண மீன்பிடி டிராலர்கள். எதிர் நீரோட்டத்தில் தவழ்ந்து போன அவை, கரையிலிருந்து வந்த பீரங்கிச் சூட்டைத் தாங்காமல் திரும்பிவந்தன. அதற்கிடையில் மார்ச் 8 அன்று நுஸ்ரத் என்ற சிறிய துருக்கியக் கப்பல், எரென்கோய் விரிகுடாவில் கரைக்கு இணையாக 26 கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போனது. அந்த இடத்தில் ஆபத்தில்லை என்றே நேச நாட்டுத் தளபதிகள் நம்பியிருந்தார்கள். பத்து நாள் கழித்து அங்கே திரும்பிய பூவே, இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் என்ற மூன்று போர்க்கப்பல்களும் மூழ்கின. பத்துப் போர்க்கப்பல் கட்டலாமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இந்த 26 கண்ணிகள்தான்.

அதனால் கால்வாயின் மேல் உங்கள் ஃபைட்டர்கள் பறந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பல்களைத் தாக்கும் ஜெர்மன் விமானங்களான நேவல் பாம்பர்கள் உங்கள் துடைப்பான்களை ஒரே வாரத்தில் காலி செய்துவிடும். கண்ணி போடுபவனையும் தடுத்தாக வேண்டும். நீங்கள் பகலில் பெருக்க, அவன் ராத்திரியில் குப்பை கொட்டினால் வேலை முடியுமா? நீர்மூழ்கிகளும் கண்ணி போடும் என்பதால் நீர்மூழ்கி வேட்டைக்கும் ஒரு குழு வையுங்கள். (எம்டனை நமக்கெல்லாம் தெரியும். அதே போரில், 1917-இல், வுல்ஃப் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பல் கொழும்புக்கு வெளியே சத்தமில்லாமல் கண்ணி போட்டுப் போனதை யாரும் பேசுவதில்லை.)

ஆராய்ச்சியில் டீகாஸிங்கை (கப்பலின் காந்தத்தன்மையைக் குறைக்கும் உத்தி) எடுத்துவிடுங்கள், கண்ணியால் வரும் சேதம் குறையும். நிஜப் போரிலும் இப்படித்தான். 1939 நவம்பரில் இங்கிலாந்தின் ஷூபரினெஸ் கடற்கரைச் சேற்றில் சிக்கிய ஒரு ஜெர்மன் காந்தக் கண்ணியைக் கழற்றிப் பார்த்து அதன் சூட்சுமத்தைப் பிடித்தார்கள். அதன்பின் கப்பலைச் சுற்றி மின்கம்பி ஓட்டி, அதன் காந்தத்தன்மையைக் குறைக்கும் வேலை வேகமெடுத்தது.

எப்போது தொடங்குவது? படையிறக்கத்துக்குச் சில மாதங்கள் முன்னாலேயே. எதிரியின் கண்ணிகள் கப்பலை அடிப்பதோடு நிற்பதில்லை. அந்தக் கடல் யார் கையில் என்று ஆட்டம் போடும் ஆதிக்கக் கணக்கில் அவன் பங்கையும் ஏற்றிவிடும். படையிறக்க உத்தரவு கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தால் இதையும் சந்தேகியுங்கள். அப்புறம், படை இறங்கியதும் துடைப்பான்களைத் திருப்பி அழைத்துவிடாதீர்கள். உங்கள் டிவிஷன்களுக்கான சப்ளை முழுக்க அதே தண்ணீர் வழியாகத்தான் போகப்போகிறது.